ஒளுத் தண்ணீரின் நிறம்

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவின் மரப்பட்டறை எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தது. கார் இருந்ததில்லை. இரும்புலியூரில் எங்கள் தெருவில் வீடு கட்டிய எல்லோரும் கார் வாங்கிவிடுவோம் என்று நம்பி ஷெட் போட்டார்கள். அதை உருப்படியாகப் பயன்படுத்தியது அத்தா மட்டும்தான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கூரைத் தகட்டின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கி நிற்கும். அத்தா தான் செய்யும் கதவில் தேய்க்கும் மிஷினை வைத்ததும் மரப்பொடி எழுந்து அந்த வெயிலுக்குள் சுற்றும். கீழே விழவே விழாது. எங்கேயோ ரயில் வந்து போகும் சத்தம் கேட்கும். நான் படியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு யாருக்குள் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தார். அவர்தான் மரத்தூசி மூக்கில் ஏறாமலிருக்க அத்தாவுக்கு ஒரு முகமூடி கொண்டுவந்தார். ரப்பர் முகமூடி, இரண்டு பக்கமும் வெள்ளையாக வட்டமான பில்டர். மாற்றிப் போட ஒரு பெட்டி பில்டரும் தந்தார். வெள்ளை போய் அழுக்கேறினால் மாற்றிவிட வேண்டும் என்றார். பாதிதான் சொன்னார். விற்கிறவர்கள் எப்போதும் பாதிதான் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. துணி துவைக்கும்போதெல்லாம் அந்த வட்டங்களையும் சோப்புத் தண்ணீரில் அலசி, மாடிக் கொடியில் என் சாக்ஸுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் காயவைப்பார். யாரிடமும் சொன்னதில்லை. துணி துவைத்ததை எந்த வீட்டில் அறிவிக்கிறார்கள்? அத்தா காலையில் எடுத்துப் பார்ப்பார். வெள்ளை. நல்ல சாமான் என்று மாமாவை மெச்சிக்கொண்டு மாட்டிக்கொள்வார். பில்டர் பெட்டி பிரிட்ஜ் மேல் பிரிக்கப்படாமல் தூசி படிந்து கிடந்தது.

எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் அத்தா கொல்லைக் குழாயில் கை, வாய், மூக்கு, முகம் கழுவி ஒளு செய்வார். மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்தும்போது அது வெள்ளை டைல்ஸில் விழும். மஞ்சளாக விழுந்தால் பலா. டீ நிறத்தில் விழுந்தால் தேக்கு. கருப்போடினால் ஈட்டி. நான் மரத்தின் பேரைச் சொல்வேன், அத்தா சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போதும் பாதிப் படியில் நின்று, ரயில் பார்க்கலாம் என்பார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

சின்னம்மாவின் பிரசவத்துக்காக அம்மா வாணியம்பாடி போனார். அந்த வாரமே பில்டர் பழுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா, பிரிட்ஜ் மேல் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், இன்னும் பிரிக்கவே இல்லியா?"

"வெள்ளையாவே இருந்துகினு இருந்துச்சி, எதுக்குப் பிரிக்கணும்? இந்த வாரம்தான் இன்னான்னு தெரியல, திடீர்னு கருத்துப்போச்சி."

எனக்குத் தெரிந்த விஷயம். நடுவில் புகுந்து சொன்னேன்: "அம்மா ஊருக்குப் போயிட்டாங்கல்ல? யாரு துவைப்பா?"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"துவைச்சிகினா இருந்துச்சி அக்கா? இது இன்னா பனியனா மச்சான்? தண்ணி பட்டா இந்தப் பஞ்சு செத்துடும். பாக்க வெள்ளையா இருக்கும், தூசிய உள்ள வுட்டுடும்."

அத்தா அந்தப் பழுப்பு வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூச்சு ஈஸியா வருதுன்னு சந்தோஷப்பட்டுகினு இருந்தேன்."

"தூசிக்கும் ஈஸியாத்தான் இருந்திருக்கும்."

அதற்குப் பிறகுதான் மாமா மீதிப் பாதியைச் சொன்னார். நிறத்தை நம்பாதே, மூச்சு இழுக்கச் சிரமமானால் மாற்று, நனைந்தாலோ கிழிந்தாலோ அப்போதே தூக்கிப் போடு. முதல் நாளே சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

அன்று சாயங்காலமே அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக அழுக்குத் துணியைச் சேர்க்க ஆரம்பித்தார். அத்தா புதுப் பில்டரைக் காட்டி, "இது வேற மாடலு, தண்ணி படக்கூடாதாம்" என்றார். அதே பெட்டியிலிருந்து வந்ததுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தா என் காலை மிதித்தார்.

"நல்லதாப் போச்சு, ஒரு வேலை மிச்சம்" என்றார் அம்மா.

மறுநாள் அத்தா ஈட்டிப் பலகை தேய்த்தார். பொடி வெயிலில் கருஞ்சிவப்பாகச் சுற்றியது. அஸர் நேரத்தில் நான் குழாயடிக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டேன். பதில் தெரிந்த கேள்வி. அத்தா மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்தினார்.

வெறும் தண்ணீர் விழுந்தது. மறுபடியும் சிந்தினார். வெறும் தண்ணீர்தான்.

"அத்தா, கலர் வரல" என்றேன். எனக்கு அழுகை முட்டியது.

அத்தா குழாயை மூடவில்லை. அந்த வெள்ளை டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரக்கையை என் தலையில் வைத்தார். "இனிமே வராதும்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

பாவம், விளையாட்டு முடிந்துபோனதில் அவருக்கும் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.