வீடியோவில் வந்த சேலை

தையல் திருத்தும் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: தைப்பது லேசு, தைத்ததைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. தொண்ணூறுகளில் லண்டன் அப்டன் பார்க்கில் தவம் அண்ணையின் கடையில் நான் பிரித்த நூலை நீட்டினால் வால்தம்ஸ்டோ வரை போகும். நீங்களும் ஊசி பிடித்தவரென்றால் தலையாட்டுவீர்கள்.

பச்சைக் கரை

அப்போது எங்கள் ஆட்களின் கல்யாணமெல்லாம் வீடியோவில் ஏறிவிடும். கசெட் வீடு வீடாகப் போகும். ஒரு கல்யாணத்தில் உடுத்த சேலையை அடுத்த கல்யாணத்துக்கு உடுக்க முடியாது, பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் மலர் அக்காவிடம் நல்ல சேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாம்பழ நிறப் பட்டு, பச்சைக் கரை. அந்தக் கோடையிலோ அடுத்தடுத்துக் கல்யாணங்கள். இன்னொன்று வாங்கினால் என்ன என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. பச்சைக் கரையைப் பிரித்தேன். வேறொரு பழஞ்சேலையின் அரக்குக் கரையை வைத்துத் தைத்தேன். கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“சனம் கசெட்டை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கும் தம்பி. இந்தச் சாறி என்னைக் காட்டிக் குடுக்கப்படாது.”

சிங்கப்பூர்ச் சேலை

அடுத்த கல்யாணத்துக்குத் தலைப்பையும் வெட்டி மாற்றினோம். அங்கே சரசக்கா என்றொருவர். ஒரு சேலையை ஒருமுறை கண்டால் ஆயுளுக்கும் மறக்காதவர். மலர் அக்காவின் தலைப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, “எங்க எடுத்தனீர்?” என்றாராம். இவர் பயத்தில் சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சரசக்கா கடைக்கு வந்தார். பையிலிருந்து தன் பழைய சேலையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மலருக்குச் செய்த சிங்கப்பூர் வேலையை எனக்கும் செய்து தா, மோனை. ஒருத்தருக்கும் சொல்லாதை, நானும் சொல்லேல்லை.”

பழையபடி

மார்கழிக் குளிரில் மலர் அக்கா மறுபடி வந்தார். கல்யாணம் ஒன்றும் இல்லை. கொழும்பில் தங்கையிடம் மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த மகளுக்கு விசா கிடைத்துவிட்டது. பிள்ளைக்கு இப்போது எட்டு வயது.

“அவளிட்ட என்ர படம் ஒண்டுதான் இருக்கு தம்பி. இந்தச் சாறியோட எடுத்தது. அதை வச்சுத்தான் என்னைத் தேடுவாள். பழையபடி ஆக்கித் தர ஏலுமோ?”

அவர் ஏன் இன்னொரு சேலை வாங்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது; காசையெல்லாம் மகளைக் கூப்பிடச் சேர்த்திருக்கிறார். மகள் தேடப்போகும் சேலையை ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல் ஆக்கியவன் நான்தானே!

வெட்டுத்துணி மூட்டைகளைக் கொட்டினோம். பச்சைக் கரை அகப்பட்டது. தலைப்பைக் காணவில்லை. மூட்டைகளைத் திரும்பவும் உதறினோம், இல்லை. மலர் அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவம் அண்ணை மெல்ல எழும்பிப் போய் அயன் பண்ணும் பலகையின் உறையைக் கழற்றினார். உள்ளே, மெத்தென்று இருக்கட்டும் என்று அவரே மடித்து வைத்த துணிகளுக்கு நடுவில் தலைப்பு. மூலையில் கொஞ்சம் சூடு பட்டிருந்தது, அவ்வளவுதான்.

“வெட்டினதை எறியாதை எண்டு கத்தினா, கஞ்சன் எண்டு சிரிச்சியள். இப்ப சிரியுங்கோவன்!”

ஹீத்ரோ

கரையும் தலைப்பும் பழையபடி ஏறிய சேலையோடு மலர் அக்காவை விமான நிலையத்துக்குக் கடையின் வான் வண்டியில் நான்தான் கூட்டிப்போனேன். விமானத்தில் வந்தவர்கள் வெளியே வரத் தொடங்கியதும் மலர் அக்கா கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். கதவு திறக்குந்தோறும் குளிர் உள்ளே வந்தது. “போடுங்கோ அக்கா” என்றேன். “போட்டால் சாறி தெரியாது” என்றார்.

தெரிந்தவர் ஒருவரின் கையைப் பிடித்தபடி பிள்ளை வந்தாள். மற்றக் கையில் படம். எங்களுக்கு முன்னால் நின்று படத்தைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். மலர் அக்கா கையை நீட்டினார். பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, கோட்டை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

“குளிருதெல்லே அம்மா, கோட்டைப் போடுங்கோ.”

ஒருவர் கண்ணிலும் பிடிபடாமல் தைத்தேன் என்று ஒரு கோடை முழுக்கப் பெருமைப்பட்ட எனக்கு, கடைசியில் அந்தப் பிள்ளையின் கண்ணில் சேலை பிடிபட்டதுதான் பெரிய பெருமையாகப் போயிற்று.