சிலாங்கூர் ஆற்றில் ஒரு புரட்டாசிச் சனி

அம்மாவின் ஆல்பத்தில் ஒரு படத்தின் பின்புறம், "புரட்டாசி மூன்றாம் சனி, ஆற்றில்" என்று அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. ஆண்டு இல்லை. படத்தின் மூலையில் கேமரா பதித்த தேதியை நான் சான்றாக ஏற்பதில்லை; வாங்கிய நாளிலிருந்து அதன் நாள்காட்டியை யாரும் சரிசெய்யவில்லை. அப்போது நாங்கள் அசாம் ஜாவா என்ற ஊரில் இருந்தோம், நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அதை வைத்துத்தான் ஆண்டைக் கணித்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பியான மாமா பிறந்த தோட்டம் கம்போங் குவாந்தான் கிராமத்துக்கும் மேலே, ஆற்றை ஒட்டி இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்குள்ள பெருமாள் கோயிலில் மதிய அன்னதானம் உண்டு. காரில் போயிருக்கலாம். மாமா ஒரு நண்பரிடம் இன்ஜின் படகை இரவல் வாங்கிவிட்டார்.

"அந்தக் காலத்துல எஸ்டேட்டுக்கு ஆத்து வழியாதான் வந்து இறங்குனாங்க, மச்சான்."

"அவங்களுக்கு ரோடு இல்ல மாப்ள. உனக்குக் காரே இருக்கு லா," என்றார் அப்பா. ஆனாலும் முதலில் படகில் ஏறியவர் அவர்தான்.

மாமாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு என்று, காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தார். கடல் ஓதத்தால் ஆற்றில் நீர் வற்றும் நேரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். அவர் பார்த்தது முந்தைய நாள் பத்திரிகை. கம்போங் குவாந்தானைத் தாண்டிய ஒரு வளைவில், நிப்பா எனும் ஆற்றோரப் பனைகளின் ஓலைகளுக்கு நடுவே, படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

வெயில் ஏறியது. மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியது; சட்டை வியர்வையில் ஒட்டியது, பேச்சு குழறியது. அம்மா ஒரு மிட்டாயை நீட்டி அழுதார்.

"வாயில போடுடா தம்பி. பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"கும்பிடாம வைக்க மாட்டேன்க்கா."

"செத்துட்டா எப்படிடா கும்பிடுவ?" என்று அப்பா கத்தினார்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் கரையில் ஓலை வெட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சேற்றின் மேல் பலகைகளைப் போட்டுக்கொண்டே வந்து, அப்பாவோடு சேர்ந்து மாமாவைத் தூக்கிப் போனார்.

வீட்டில் அவர் மனைவி, மலாய் வழக்கப்படி நாங்கள் மக்சிக், அதாவது அத்தை, என்று அழைத்தவர், தேநீர் போடப் போனார். மாமா அந்த நிலையிலும் தலையை ஆட்டி மறுத்தார். அப்பா மலாயில், கூச்சத்தோடு, விரதத்தைப் பற்றியும் இறைச்சி சமைத்த பாத்திரத்தைப் பற்றியும் விளக்கினார். மக்சிக் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"கோயில் எந்தப் பக்கம்?" என்று கணவரிடம் கேட்டார். பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. ஆற்றின் மேல்பக்கத்தைக் கைகாட்டிவிட்டு, குறுக்கே கொடியில் காய்ந்த கைலிகளை அவரே எடுத்து ஒதுக்கினார். மாமா அப்பாவின் மேல் சாய்ந்தபடி அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குள் மக்சிக் ஓர் இளநீரை எங்கள் கண்முன்னே வெட்டி, அதிலேயே சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிவிட்டார். மாமா ஒரே மூச்சில் குடித்தார். சிறிது நேரத்தில் பேச்சு தெளிந்தது.

பிறகு மக்சிக் பெட்டி பிரிக்காத ஒரு புதுப் பானையை எடுத்து வந்து, சோறும் பூசணிக்காயும் ஆக்கி, வாழையிலையில் பரிமாறினார். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்லை, மக்சிக்," என்றேன். அம்மா தொடையில் கிள்ளினார். மக்சிக் சிரித்துக்கொண்டே உப்புச் சாடியை என் பக்கத்தில் வைத்தார். மாமாவின் பக்கம் வைக்கவில்லை. அவர்களையும் சாப்பிடச் சொன்னேன். "அப்புறம், அப்புறம்," என்றார் பெரியவர்.

நீர் ஏறியதும் படகைத் தள்ளிவிட்டவரும் அவர்தான். திரும்பும் வழியில் அம்மா சொன்னார்: "அவங்களுக்கு நோன்பு மாசம்டா. விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டது. அதுக்கப்புறம் பச்சத்தண்ணி கூட வாயில படல. ருசி பாக்காம ஆக்குன சோத்தப் போயி நொட்ட சொல்றியே!"

"அப்ப மாமா மாதிரியே அவங்களுக்கும் பசிக்கும்தானே? அவங்களுக்கு யாரு ஆக்கித் தருவாங்க?" என்று கேட்டேன். மாமா ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் ஏன் கண்ணைத் துடைத்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

நோன்பிருப்பவர் சமைக்கும்போது நாக்கு நுனியில் ருசி பார்த்துத் துப்பிவிடலாம், அதற்கு அனுமதி உண்டு என்று அண்மையில் ஒரு மலாய் நண்பர் சொன்னார். அப்படியானால் உப்பு ஏன் இல்லை? எங்கள் ஆட்களில் சிலர் உப்பில்லாமல் விரதம் இருப்பதை, தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்சிக் அறிந்திருக்கக்கூடும். அல்லது பதற்றத்தில் மறந்திருக்கலாம். பிறகு ஒருமுறை அந்த வளைவுக்குப் போய்த் தேடினேன், வீடு அகப்படவில்லை. ஆகவே உப்பின் காரணம் இன்னும் உறுதிசெய்யப்படாத செய்தி. மாமா அந்தச் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதை மட்டும் நேரில் கண்டவன் என்ற முறையில் எழுதிவைக்கிறேன்.