வேகத்தடைகள் மேல் விழுந்த பழி

மூன்றாவது கருவும் ஒன்பதாம் வாரத்தில் கலைந்துபோய், அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். மாமியார் அவள் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறி டிக்கெட் எடுத்துவிட்டாள். முன் சீட்டில் உட்கார்ந்து போக வர எத்தனை குலுங்கல் என்று விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று. இறங்கியதும் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"இந்த ஆட்டத்துல எது தங்கும்? நாளைக்கே வேலையை எழுதிக் கொடுத்துடு."

முதல் தடவை, கையை உயர்த்தித் துணி காயப்போட்டது காரணம். இரண்டாம் தடவை மாடிப்படி. இப்போது வேகத்தடை. பணிமனையில் அத்தனை ஆண்களின் நமட்டுச் சிரிப்பையும் தாங்கிக்கொண்டு பிடித்த ஸ்டியரிங் அது. அதை விடச் சொன்னால் வயிறு எரியாதா? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் புருஷனோ, "அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசி" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

"டாக்டர் சொல்லட்டும், விடறேன்" என்றாள்.

டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பஸ் ஓட்டினதால கலையலம்மா. பெரும்பாலும் கரு உண்டாகும்போதே குரோமோசோம் ஒண்ணு கூடியோ குறைஞ்சோ போயிடும். அது தற்செயல். ஆனா மூணு தடவைன்னா தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையறது, கர்ப்பப்பை அமைப்பு எல்லாம் பார்த்துடலாம். ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்க."

"என் பையன் எதுக்கு? அவனா சுமந்தான்?" என்றாள் மாமியார்.

சில வாரம் கழித்து மூவரும் அதே அறையில். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. புருஷனுக்குத்தான் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. "இது அபூர்வம். அவருக்கு ஒரு கெடுதலும் இல்ல. கருவுக்குப் போகும்போது சில சமயம் கணக்கு தப்பிடும். நல்ல குழந்தை பிறக்கவும் வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இவரும் வேலையை எழுதிக் கொடுத்துடணுமா அத்தை?"

மாமியார் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் புருஷன் நின்றுவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "மூணும் என்னாலதானா?"

மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனி வரை வந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் அவை கரைந்துபோய் எரிச்சல்தான் மிஞ்சியது.

"யாராலயும் இல்ல. யார் மேலயும் தப்பு இல்ல. போதுமா?"

சொல்ல ஒரு நொடிதான் ஆனது. மூன்று வருஷத்தில் அந்த ஒரு நொடி தனக்காக அந்த வீட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, நாற்காலியில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள்.