காற்றாடியைச் சுமந்துகொண்டு ஆடுகோடி வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜாலியான பயணக் கட்டுரை இல்லை. போன பிப்ரவரியில் நடந்தது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் என் கணவர் செல்வமும் பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கிறோம். புதுச்சேரியில் எங்களுக்கு இருபத்தாறு அடி பாய்மரப் படகு ஒன்று உண்டு. அதன் பின்பக்கக் கம்பத்தில் ஒரு சின்ன காற்றாடி ஜெனரேட்டர். காற்றில் சுற்றி பேட்டரியை நிரப்புவது அதன் வேலை. பாய்மர உச்சி விளக்கும் ரேடியோவும் அந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. டிசம்பரில் நடுக்கடலில் பேட்டரி செத்து விளக்கு அணைந்தது. மீன்பிடி விசைப்படகு ஒன்று எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. அன்றே சொல்லிவிட்டேன், விளக்கு சரியாகாமல் இந்தப் படகில் காலை வைக்க மாட்டேன் என்று. பிப்ரவரியில் மறுபடி அந்தப் பேச்சு வந்தது.

"அப்போ சனிக்கிழமை நான் தனியாவே நாகப்பட்டினம் போறேன்" என்றார் இவர். ஒற்றை ஆளாக, விளக்கில்லாத படகில்! சொன்னால் செய்துவிடுகிற பிடிவாதக்காரர். சனிக்கிழமைக்குள் சரிசெய்தே ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சோதித்தோம். நல்ல காற்று, ஆனால் இறக்கைகள் ஏனோதானோவென்று சுற்றின. பேட்டரி 11.6 வோல்ட்டைத் தாண்டவில்லை. "உள்ள வைண்டிங் எரிஞ்சிருக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு இவர் ஏணியில் ஏறினார். இறக்கும்போது இறக்கை சுழன்று கையைப் பதம் பார்த்துவிடும். அதற்குப் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பிரேக் போட்ட மாதிரி இறுகிவிடும். இவர் மேலே மும்முரமாக இருந்ததால் கவனிக்கவில்லை, கீழே அதை நான்தான் செய்தேன். முறுக்கி, மேலே கறுப்பு டேப்பையும் அழகாகச் சுற்றினேன். அப்போது இருந்த பெருமை எனக்கல்லவா தெரியும்!

இவர் படகோடு இருந்துகொள்ள, அதை வாங்கிய பெங்களூரு கடைக்குப் புதன்கிழமை காலை 6.10 பஸ் பிடித்தேன். புதுச்சேரியிலிருந்து பெங்களூரு 310 கிலோமீட்டர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. மூட்டை பதினொரு கிலோ. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஃபேனா?"

"காத்தாடி. கரண்ட் எடுக்கிறது."

"எதுவா இருந்தா என்ன, லக்கேஜுக்கு அரை டிக்கெட் போடணும்."

போட்டார். ஆனால் மூட்டைக்கு இடம் கொடுக்கவில்லை. எட்டரை மணி நேரம் அது என் காலடியிலேயே கிடந்தது. ஓசூரைத் தாண்டியதும் பஸ் ஆமை வேகத்துக்கு வந்தது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், இந்த ஒரு விஷயம் மட்டும் பழகவே இல்லை.

2.40க்கு இறங்கி, ஆட்டோ பிடித்து, ஜெனரேட்டரை எனக்கு விற்ற கடைக்குப் போனேன். சர்வீஸ் ஆள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இறக்கையைத் தள்ளிப் பார்த்தார்.

"ஷாஃப்ட் ஜாம் மேடம். வைண்டிங் போச்சு. புதுசு எடுத்துக்கோங்க, முப்பத்தெட்டாயிரம்."

"மீட்டர் வெச்சாவது பாருங்களேன்."

"எக்ஸ்பீரியன்ஸ் மேடம். கை வெச்சாலே தெரிஞ்சிடும்."

வாங்கும்போது மேடம் மேடம் என்று உருகிய அதே வாய்! நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் கத்தியது வாசலில் நின்ற ஆட்டோக்காரர் காதிலும் விழுந்திருக்கிறது. "ஆடுகோடில நம்ம கலீல் பாய் கீறாரு, மோட்டார் வைண்டிங் கடை. காட்டிப் பாக்கலாமா? மீட்டருக்கு மேல முப்பது குடுங்க" என்றார். ஏறி உட்கார்ந்தேன்.

கலீல் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். ஒரு தடவை இறக்கையைச் சுற்றினார். இறுகி நின்றது. உடனே பிளேடை எடுத்து என் டேப்பை அறுத்தார்.

"அதை ஏன் பாய் பிரிக்கிறீங்க?"

"கட்டி வெச்ச மாட்டை ஓடு ஓடுன்னா எப்படிம்மா ஓடும்?"

மூன்று ஒயர்களையும் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். விர்ரென்று சுற்றியது. இரண்டு ஒயர்களில் ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸா கீது. சும்னே தூக்கினு வந்திருக்கீங்க. யாரு இதை முறுக்குனது?"

"நான்தான்" என்றேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கடைக்காரன் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை என்று குதித்தேனே, டேப்பைச் சுற்றியவளுக்கு எங்கே போயிற்று புத்தி?

அவர் விடவில்லை. "போட்லயும் இது சரியா சுத்தலைன்னா, அங்கயும் இந்த மூணும் எங்கேயோ ஒட்டிக்கினு இருக்கணும். நடுவுல சுவிட்ச் எதுனா கீதா?"

இருக்கிறது. காற்றாடியை நிறுத்தும் சுவிட்ச். அதுவும் மூன்று ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் நிறுத்தும். அங்கிருந்தே இவருக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார்.

"உப்புக்காத்துல உள்ள பச்சை பிடிச்சு மூணும் ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்குடி. சுவிட்ச் சுத்துற பக்கம்தான் இருக்கு, ஆனா ஒட்டினது விடல."

அதாவது, பழுது படகிலேயே சொகுசாக உட்கார்ந்திருக்க, நல்லா இருந்ததை நான் பெங்களூருக்குச் சுமந்திருக்கிறேன். கலீல் பாய் நூறு ரூபாய் வாங்கினார். நியாயம்தான்.

வியாழக்கிழமை காலை அதே பாதையில் திரும்பினேன். மறுபடியும் அரை டிக்கெட். மாலை ஐந்தரைக்குப் புது சுவிட்சுடன் மாட்டினோம். பேட்டரி மெல்ல ஏறி, வெள்ளிக்கிழமை மதியம் 12.9 காட்டியது. உச்சி விளக்கு எரிந்தது. சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.

உங்கள் காற்றாடி மந்தமாகச் சுற்றினால் கழற்றாதீர்கள். காற்று குறைந்த நேரத்தில் இறக்கையைக் கயிற்றால் கட்டி, ஜெனரேட்டரின் மூன்று ஒயர்களையும் சுவிட்சிலிருந்து பிரியுங்கள். ஒன்றோடொன்று படாமல் விலக்கி வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பழுது கீழே, சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. எனக்கு 620 கிலோமீட்டர் ஆனது.

கடலில் இவர் அந்த சர்வீஸ் ஆளைத் திட்டித் தீர்த்தார். "டேப்பைக்கூட பிரிக்கத் தெரியாத முட்டாள்! அதை எவன் சுத்தினானோ, அவன் அதுக்கு மேல!" நான் அண்ணாந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.