ஜாதிக்காய் விற்ற பெண்ணின் பார்வை

"அந்த நடிகை பேர் என்ன தம்பி?" என்று கேட்கத்தான் நாடக இயக்குநர் பிரகாஷுக்குப் போன் போட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது மலேசியாவில், ஜார்ஜ் டவுனில் ஓர் இணையப் பத்திரிகைக்குத் தொலைக்காட்சி நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். சஸ்பென்ஸ் தொடர் என்றால் ஒளிபரப்பாகும் அன்று காலையே ப்ரிவியூ லிங்க் வந்துவிடும். பார்த்து எழுதி வைத்து, எபிசோட் முடிந்த கையோடு போடுவோம்.

அன்றைய எபிசோடில் ஒருவன் பாலிக் புலாவ் ஊர்ப் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து வருகிறான். அவன்தான் கொலைகாரன் என்று நமக்கு இன்னும் தெரியாது. ஜாதிக்காய் விற்கும் பெண் ஒருத்தி நிமிர்கிறாள். முகம் வெளிறிப்போகிறது. அவ்வளவுதான், நமக்குப் புரிந்துவிடுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "இந்த வருடம் நான் பார்த்ததிலேயே சிறந்த நடிப்பு" என்று எழுதி, அந்த முகத்தையே படமாகவும் எடுத்து வைத்தேன்.

பிரகாஷ் சிரித்தான். "நடிகையா? அங்க கடை போட்டிருக்கவங்கக்கா. கை மட்டும்தான் வரும்னு சொல்லி எடுத்தோம். கேமரா மூஞ்சிப் பக்கம் திரும்புனதும் பயந்துட்டாங்க. அழிச்சிருங்கன்னு கெஞ்சுனாங்க. ஷாட் சூப்பர் லா, வெச்சிட்டோம்."

"எதுக்குப் பயந்தாங்கன்னு கேட்டியா?"

"கேமரா பயம்தான், வேற என்ன?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. நம்பரை வாங்கி நானே அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"என் மூஞ்சி வருதாக்கா? ஐயோ, என் புருசன் பக்கத்து ஊரு ஜுருவுலதான் இருக்கான். கண்டா கொன்னுருவேன்னு சொன்னவன். பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடி வந்து இங்க ஒளிஞ்சிருக்கேன். அவன் இந்த நாடகத்த ஒரு நாள்கூட விடமாட்டான்கா."

பிரகாஷிடம் கத்தினேன். அவனும் கத்தினான். "அந்தப் பார்வை இல்லன்னா எபிசோடே இல்லக்கா! டிவிக்கு அனுப்பியும் ஆச்சு."

"அப்படியா? அத நீயே அவங்ககிட்ட சொல்லு" என்று அந்தப் பெண்ணையும் அதே அழைப்பில் சேர்த்தேன்.

அவர் சண்டை போடவில்லை. "தம்பி, இனிமே நாங்க எங்க போய் ஒளியறது?" என்று மட்டும் கேட்டார்.

பிரகாஷின் குரல் இறங்கிவிட்டது. "தூக்கிடறேன்கா. ஆனா டிவியில மாத்திப் போடுவாங்களான்னு தெரியல" என்றான்.

பொழுது சாயும்வரை அவனிடமிருந்து தகவலே இல்லை. நாடகம் தொடங்கியபோது அந்தப் பெண் போனில் என்னோடு இருந்தார். பாசார் வந்தது. கொலைகாரன் நடந்தான். ஜாதிக்காய்க் குவியல், அதன்மேல் ஒரு கை. அடுத்த காட்சி வந்துவிட்டது.

"போயிருச்சாக்கா?"

"போயிருச்சும்மா."

அவர் ஓவென்று அழுதார். என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

அந்தப் படத்தை அழித்தேன், விமர்சனத்தைத் திருத்தினேன். ஒளிபரப்பானதைப் பற்றித்தானே எழுத முடியும்? பாசார் காட்சி சப்பென்று இருந்தது, அப்படியே எழுதினேன். ரசிகர்களும் பிரகாஷைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் இப்போது வேறு ஊரில் பத்திரமாக இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். விமர்சனம் எழுத வரும் பிள்ளைகளே, திரையில் ஒரு முகம் உங்களை உலுக்கினால், கைதட்டுவதற்கு முன் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

அந்த எபிசோட் வந்த மறுநாள் பிரகாஷ் கூப்பிட்டான். "என்னக்கா, நீங்களே சப்புன்னு இருக்குன்னு எழுதிட்டீங்க?"

"சப்புன்னுதானே இருந்துச்சு?"

"ஆமாக்கா" என்றான். "இருந்துட்டுப் போகட்டும்."