சோப்ளாங்கி மாறவேள்

நல்லதைப் பார்த்து எடுக்க ஊரில் எத்தனையோ பேர் உண்டு. இருப்பதிலேயே மட்டமானதைப் பொறுக்கி எடுக்க நவநீதனை விட்டால் ஆள் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவனுக்குச் சோறு போட்டதே அந்தத் திறமைதான். துவாக்குடியில் வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார்த்து வந்த உருப்படியைக் கையில் எடுத்து ஒரு திருப்பு திருப்புவான். மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்து ஓரமாகத் தள்ளிவிடுவான். மானேஜரே வந்து, "இது ஒண்ணைக் கண்டுக்காம விடுப்பா" என்று கெஞ்சினாலும் "முடியாது சார்" என்பதுதான் பதில். கம்பெனியில் அவனுக்கு 'முடியாது நவநீதன்' என்றே பெயர்.

அந்த 'முடியாது' எல்லாம் மணப்பாறை பஸ் ஏறும் வரைதான். அங்கே மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் புண்ணாக்குக் கடை வைத்திருக்கும் காளியாயி அவனுடைய அம்மா. அவள் முன்னால் போய் நின்றதும் அந்த வாய்க்கு என்ன ஆகுமோ தெரியாது. "மெக்கானிக்கல் படிக்கிறியாடா?" "சரிம்மா." "இந்த ஊதா கலர் சட்டை எடுத்துக்கிறியா?" "சரிம்மா." அந்தச் சட்டையில் அவன் கத்தரிக்காய்க்குக் காம்பு வைத்த மாதிரி இருந்தான். அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டுக்கொண்டு திரிந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே சேமியா உப்புமா. ஆறாம் வகுப்பில் ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது, அம்மா ஊட்டிய சேமியா உப்புமாவை விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லித் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது வினை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேமியா உப்புமாதான். வேலைக்குப் போய்த் துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிய பிறகும், சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் ஞாயிறு காலையில் அது தட்டில் கோபுரமாகக் காத்திருக்கும். "இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி?" "சரிம்மா." காளியாயியும் எதிரில் உட்கார்ந்து அதையே சாப்பிடுவாள். பிள்ளைக்குப் பிடித்ததைப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் அவளுக்கு ஒரு பெருமை என்று நவநீதன் நினைத்துக்கொள்வான்.

உப்புமாவை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் மத்தியானம் பாலக்கரை வந்துவிடுவான். அங்கே கூடப்படித்த அருள்ராஜ் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே ஒரு ரூம், ஒரு மேசை, காற்றை விடச் சத்தம் அதிகமாக வரும் ஒரு ஃபேன். ஞாயிறு மத்தியானங்களில் நாலைந்து பேர் அங்கே கூடி 'ஏழு கோட்டை' ஆடுவார்கள். அது மந்திரவாதி, அரசன், யாளி எல்லாம் வருகிற சீட்டு விளையாட்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே பெயரில் பல சீட்டுகள் உண்டு. மாறவேள் என்கிற அரசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'போர்க்களத்தில் மாறவேள்' என்ற சீட்டுக்கு வலிமை ஒன்பது, கண்ணில் தீப்பொறி. 'முடிசூடிய மாறவேள்' என்றால் ஏழு. இப்படியே இறங்கிக்கொண்டே போகும். ஒன்பதை ஆளாளுக்குப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடியில் கிடப்பதை டீ கிளாஸுக்குக் கீழே வைப்பார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் எல்லாமே தலைகீழ். அன்றைக்குச் 'சோப்ளாங்கி ஆட்டம்'. நம் சீட்டை நாம் எடுக்கக்கூடாது. எதிராளிதான் நமக்குப் பொறுக்கித் தருவான். மாறவேள் வேண்டுமா, மாறவேள்களிலேயே ஆக மட்டமான மாறவேளைத் தேடி எடுத்து, கும்பிடு போட்டுக் கையில் கொடுப்பான். அந்தக் குப்பையை வைத்துக்கொண்டுதான் ஜெயிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நவநீதனைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எங்கே விரிசல் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் பொறுக்கிக் கொடுத்த சீட்டுகளைக் கையில் வாங்கியவர்கள் பாதி ஆட்டத்திலேயே எழுந்து கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவார்கள்.

யமுனா அந்த மேசைக்கு வந்தது இப்படி ஒரு சோப்ளாங்கி ஞாயிறில்தான். பாலக்கரைப் பெண். துவாக்குடியிலேயே வேறொரு கம்பெனியில் டிராயிங் போடுகிறாள். கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது. நவநீதன் அவளுக்குக் கொடுத்த சீட்டுகளில் நொண்டி யாளி இருந்தது, மந்திரம் மறந்த மந்திரவாதி இருந்தான், தூக்கத்தில் நடக்கிற தளபதி இருந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"பாத்தா பால் மாதிரி இருக்கீங்க. ரொம்பக் கெட்டவருங்க நீங்க."

நவநீதனை அதுவரை யாரும் கெட்டவன் என்று சொன்னதில்லை. கேட்டதும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த மாதம் இன்னும் மட்டமான சீட்டாகத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். காதல் இப்படியும் வளரும்.

காளியாயி பெண்ணைப் பார்த்தாள். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்தாள். "புடிச்சிருக்காடா?" என்று பிள்ளையைக் கேட்டாள். "சரிம்மா" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்னதும் நினைத்ததும் ஒன்றாக இருந்த ஒரே 'சரிம்மா' அதுதான்.

அங்கேயே நின்றிருந்தால் கதை சுபம். ஆடி மாதம் யமுனா, "கல்யாணத்துக்கப்புறம் துவாக்குடியிலேயே இருந்துக்கலாங்க. ரெண்டு பேருக்கும் வேலை அங்கதானே" என்றாள். நவநீதனுக்கும் அதுதான் ஆசை. போய் ஒரு வீடு பார்த்தார்கள். பால்கனியில் செடி வைக்க இடமிருந்தது. அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. "அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா நல்லாருக்காது" என்றாள் யமுனா. "சொல்லிடுறேன்" என்றான்.

சொல்லத்தான் மணப்பாறைக்குப் போனான். வாயைத் திறப்பதற்குள் காளியாயி, "மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்கதான். பஸ்ல போய்ட்டு வாங்க. என்ன?" என்றாள்.

"சரிம்மா."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினான். பத்திரிகை அடித்தார்கள், முகூர்த்தக்கால் நட்டார்கள், பந்தி போட்டார்கள், தாலியும் கட்டியாயிற்று. துவாக்குடி வீட்டுச் சாவி யமுனாவின் கைப்பையில் இருந்தது. மணப்பாறை மாடி ரூம் சாவி காளியாயியின் இடுப்பில் இருந்தது. நடுவில் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் வெற்றிலையும் கையுமாகப் பாயில் சாய்ந்த பிறகு, யமுனாவின் பெரியம்மா வீரம்மாள் ஒரு குடத்தில் தண்ணீர் ஊற்றி உள்ளே மோதிரத்தைப் போட்டாள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நேரத்தில் கைவிட்டுத் துழாவி எடுக்க வேண்டும். யார் எடுக்கிறார்களோ, வீட்டில் அவர்கள் ராஜ்ஜியம். இரண்டு பேர் கையும் குடத்துக்குள் இருந்தபோது யமுனா மெதுவாகக் கேட்டாள்.

"அத்தைகிட்ட வீட்டைப் பத்திச் சொல்லியாச்சுல்ல? அவங்க இப்ப எங்கிட்ட மாடி ரூம்னு என்னமோ சொன்னாங்க."

நவநீதனின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"சொல்லிடுறேன்" என்றான்.

யமுனா மோதிரத்தை எடுத்துக்கொண்டு கையை உருவினாள். கூட்டம் கைதட்டியது. அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நவநீதனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் எழுந்துபோய் அம்மாவிடம் சொல்ல மட்டும் கால் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது. கோழைகளுக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

"இன்னொரு ஆட்டம் ஆடலாம். எங்க சோப்ளாங்கி ஆட்டம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "தோக்குறவங்க, ஜெயிக்கிறவங்க சொல்ற ஊர்ல குடியிருக்கணும்."

அருள்ராஜ் பரிசுப் பொட்டலத்தோடு சீட்டுப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். காளியாயி முதலில் புருவத்தைச் சுருக்கினாள். மணப்பாறை என்று பேசி முடித்ததற்கு எதற்கு ஆட்டம்? ஆனால் தன் பிள்ளை அந்தச் சீட்டில் தோற்றதே இல்லை என்று அருள்ராஜ் சொல்லக் கேட்டிருந்தாள். "ஆடுங்க, ஆடுங்க. ஜெயிக்கிறவங்க சொல்ற ஊருதான்" என்று சொல்லிவிட்டு அவளும் பாய்க்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நவநீதனின் கணக்கு இவ்வளவுதான். தோற்றுவிட வேண்டும். ஆட்டம் முடிந்தால் பேச்சு முடிந்தது. அம்மா சொன்ன வார்த்தையை மாற்றுகிறவள் இல்லை. தான் வாயைத் திறக்காமலே துவாக்குடி போய்விடலாம். ஆகவே பெட்டியைத் துழாவி, கம்பெனியில் ஒரு நாளும் செய்யாத காரியத்தைச் செய்தான். போர்க்கள மாறவேள், பறக்கும் யாளி, சாகாவரம் பெற்ற மந்திரவாதி என்று ஒசத்தியான சீட்டாகப் பொறுக்கி, மனைவியிடம் பவ்வியமாக நீட்டினான்.

யமுனா விரித்துப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"என்னது இது?"

"உங்களுக்கு எடுத்த சீட்டு."

"நான் கேட்டது சீட்டு. பிச்சை இல்ல." சீட்டுகளைப் பாயில் போட்டாள். பிறகு பெட்டியை இழுத்து, அவனுக்கான சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அதிக நேரம் ஆகவில்லை. எது வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா தகராறு?" என்றாள் காளியாயி.

"இவரு வேணும்னே தோக்கப் பாக்குறாருங்க அத்தை."

"தோக்கப் பாக்குறானா? ஏன்?"

காளியாயி குனிந்து, பிள்ளைக்கு முன்னால் கிடந்த சீட்டை எடுத்தாள். ஜாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படத்தில் ஒரு அரசன் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். எதிரில் ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்திருந்தாள். கடையில் மூட்டை இறக்குகிறவர்களை அதட்டிப் பழகிய குரலில் காளியாயி படித்தாள். மண்டபத்தின் கடைசிப் பாய் வரை கேட்டது.

"தாயின் முன் மாறவேள். வலிமை ஒன்று. எது கேட்டாலும் 'ஆகட்டும் தாயே' என்பான். வேறு எதற்கும் உதவான்."

அருள்ராஜுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மொத்த மண்டபமும் சிரித்தது. வீரம்மாள் வெற்றிலைச் சாற்றை விழுங்க முடியாமல் வெளியே ஓடினாள். காளியாயி மட்டும் சீட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பயல எங்கயோ பாத்திருக்கேனே" என்றாள். "என்னடா விஷயம்?"

நவநீதன் யமுனாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வருவதாக இல்லை. குனிந்து தன் மருதாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் 'ஒண்ணும் இல்லம்மா' என்று சொன்னால் இவள் இனிமேல் தன்னை எதுவுமே கேட்க மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அது அம்மாவைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"அம்மா, நாங்க மணப்பாறைக்கு வரல" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "துவாக்குடியில வீடு பாத்தாச்சு."

சிரிப்பு நின்றது.

"எப்ப பாத்த?"

"ஆடியில."

"நான் மாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு சொன்னப்போ?"

"அதுக்கு முன்னாடியே."

காளியாயி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கத்தவில்லை.

"முடியாதும்மான்னு சொன்னா நான் என்ன, உன்னைக் கடிச்சா முழுங்கிடுவேன்? எது கேட்டாலும் சரிம்மா, சரிம்மா. பெத்த பிள்ளைக்கு எது புடிக்கும், எது புடிக்காதுன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியலையேடா. போங்க, துவாக்குடியிலயே இருங்க. மாடிய நான் வாடகைக்கு விட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு நல்ல பிள்ளையாக இருந்ததாகத்தான் நவநீதன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். அவளுக்குத் தன் பிள்ளை யார் என்றே தெரியாமல் பண்ணியிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது. நகர்ந்துபோய் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

காளியாயி அவனை உற்றுப் பார்த்தாள். ஏதோ ஞாபகம் வந்த மாதிரி அவள் முகம் மாறியது.

"அப்ப அந்த ஊதா சட்டை?"

"புடிக்காதும்மா."

"சேமியா உப்புமா?"

கழுத்து மாலையில் இருந்து ஒரு இதழைப் பிய்த்தான். யமுனா நிமிர்ந்து பார்த்தாள்.

"சுத்தமா புடிக்காதும்மா."

காளியாயி கையிலிருந்த சீட்டாலேயே அவன் தலையில் ஒன்று போட்டாள்.

"பாவி, எனக்கும்தான்டா புடிக்காது. நீ ஆசையா திங்கிறியேன்னுதான் வாரா வாரம் கிண்டி, நானும் உன்கூட உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தேன்."