குலுங்காத கார்

என் கணவருக்குச் சொகுசுக் கார் ஆசை வந்தது ஆம்புலன்ஸில் படுத்திருந்தபோது. மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற கடைக்காரர் அவர். முப்பது வருஷமாகக் கொட்டாம்பட்டி பக்கத்து வரப்பு வரைக்கும் சரக்கு வேனிலேயே குலுங்கிப் பழகிய உடம்பு. போன வருஷம் ஒரு மத்தியானம் கல்லாவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் நான் மீனாட்சி அம்மனைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருக்கிறேன், இவர் என் கையைப் பிடித்து, "இம்புட்டுக் குழியா இருக்கு நம்ம ரோட்டுல? பொழச்சு வந்தா குலுங்காத காரு ஒண்ணுல போகணும்" என்கிறார்.

பிழைத்து வந்தார். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனி நன்றாக இருப்பார் என்று என்னிடமும் சொன்னார், அவரிடமும் சொன்னார். நான் நம்பினேன். அவர் நம்பவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போனுக்கு ரீசார்ஜ் செய்தவர் மாதாமாதம் செய்ய ஆரம்பித்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னங்கன்று வைக்கலாம் என்றேன். "அது காய்க்க அஞ்சு வருசம் ஆகுமே" என்று பேச்சை மாற்றிவிட்டார். நோயைவிட இதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மனுஷன் வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் கார்ப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் தடுக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக் கார், கறுப்பு நிறம், நீளமானது. வீட்டில் ஏசி போட்டால் ஆளுக்கு முன்னால் எழுந்து அணைக்கிறவர், "பின் சீட்டுக்குத் தனி ஏசியாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷோரூமிலிருந்து போனில் பேசிய பையன்தான், "வாங்கணும்னு இல்ல சார், லீஸுக்கும் எடுக்கலாம்" என்று சொல்லி வைத்தான். மாதாமாதம் பணம் கட்டி ஓட்டிவிட்டு, கெடு முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடலாம். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பாடு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. எதிரணிக்கு என் தம்பி.

"மச்சான், வீட்ட ஒத்திக்கு எடுத்தாலாவது போகும்போது குடுத்த பணம் முழுசா திரும்பி வரும். இதுல காரும் போகும், காசும் போகும்" என்றான்.

"நாலு வருசத்துல கார் விலை பாதியாயிருமே மாப்ள. அந்த நட்டம் அவனுக்கு, நமக்கில்ல."

"பின் கண்ணாடில 'கருப்பசாமி துணை'ன்னு ஒட்ட விடுவானா?"

இவர் உடனே ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டார். திருப்பிக் கொடுக்கும்போது ஒட்டின தடம் இருக்கக் கூடாது என்று சொன்னார்களாம். தம்பி காலை ஆட்டிக்கொண்டு காபி கேட்டான். கருப்பசாமியால்கூட அவன் ஜெயிக்கவில்லை. மறுநாளும் இவர் லீஸ் என்றே சொன்னார். இத்தனை பிடிவாதம் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். ஷோரூம் டிரைவர் ஓட்ட, நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பினோம். இவர் பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார். கார் நிஜமாகவே குலுங்கவில்லை. ஆனால் தரையோடு தரையாக இருந்ததால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசியது. உரசும்போதெல்லாம் இவர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் வாங்கவே இல்லங்க" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஷோரூமில் அந்தப் பையன் இரண்டு தாள்களை வைத்தான். ஒன்று லீஸுக்கு, ஒன்று கடனில் வாங்குவதற்கு. இவர் லீஸ் தாளை இழுத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷம் சார்? அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம், மாசத் தொகை குறையும்."

"ரெண்டு போதும் தம்பி."

"ரெண்டுன்னா ரொம்பக் கூட வரும் சார்."

"வரட்டும். ரெண்டு போதும்."

பையன் காபி சொல்ல எழுந்து போனதும் இவர் என் பக்கம் சாய்ந்தார். பைப் விலை சொல்கிற அதே குரலில், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ சாவியக் குடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். உன் தலையில ஒண்ணும் விடியாது" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு மாதமாக விலை, நஷ்டம், வட்டி என்று அளந்ததெல்லாம் இதற்குத்தானா? தென்னங்கன்று வேண்டாம் என்றவர் இப்போது காரிலும் அதே கணக்கைப் போட்டுவிட்டு, எனக்கு நல்லது செய்ததாக வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அவருடைய இன்னொரு குணமும் எனக்குத் தெரியும். யாருக்கும் பத்து ரூபாய் பாக்கி வைத்துவிட்டு அவரால் தூங்க முடியாது. ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. "டீக்கடையில நூத்தியிருவது ரூவா நிக்குது" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

பையன் திரும்பி வந்தான். "தம்பி, வாங்குறதுன்னா கடன் அதிகபட்சம் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"ஏழு வருஷம் மேடம்."

"அதப் போடுங்க. கடனும் சார் பேர்ல, வண்டியும் சார் பேர்ல."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று இவர் பதறினார். "ஏழு வருசம் எவன்…"

"நீங்கதான். ஏழு வருஷமும் ஒழுங்கா நின்னு கட்டுங்க. பாக்கி வச்சிட்டு எங்கயாவது கிளம்புனீங்க, நான் கட்ட மாட்டேன். பேங்க்காரன் நம்ம கடை வாசல்ல வந்து நிப்பான், பரவாயில்லையா?"

இவர் கண் கலங்கியதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை வாங்கி, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளில் பேனாவை நிறுத்தினார்.

"ஏன் தம்பி, இத முன்னாடியே அடைச்சிரலாம்ல?"

பையன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "அதெல்லாம் முன்னாடி அடைக்கக் கூடாது."